எட்வின் ஹேலா, ரூபர்ட் லாங்லியா?

கல்பாக்கம்,
20-8-1973

மாப்பிள்ளை காசிநாதன் அவர்களுக்கு, கங்காதரன் எழுதுவது. இங்கே நானும் தங்கை வச்சலாவும் சுகம். நீங்களும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆடிப் பதினெட்டு விருந்தன்று எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை நீங்கள் போன வேகத்தைப் பார்த்தால் உடம்பில் ஒரு குறையும் இருக்க முடியாது.

நடந்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் டவுன்ஷிப் ஃபிலிம் கிளப்புக்கு நான் செயலாளர். மாதம் ஒரு இங்கிலீஷ் படம் மெட்ராசிலிருந்து பெட்டியில் வருகிறது. பெட்டியைச் சுமந்து வருவதும் நான்தான், கொண்டுபோய்த் திருப்பித் தருவதும் நான்தான். புது மாப்பிள்ளைக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அன்று மாலை எட்வின் ஹேல் நடித்த படத்தைப் போட வைத்தேன். பிரிட்டிஷ் நடிகர்களில் அவரைத் தாண்டி ஆள் இல்லை. அவர் நடித்ததில் அந்தத் தீவு டாக்டர் வேஷத்தைத் தாண்டி வேஷம் இல்லை. வீட்டுக்கு வருகிறார். மனைவி சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள். படிக்கிறார். மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். ஆறிப்போன உருளைக்கிழங்கைச் சாப்பிட உட்காருகிறார். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. நாற்பது பேர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் நீங்கள், "இன்னா மச்சான், இந்த ஆளுக்குப் பல்லு வலியா?" என்று சத்தமாகக் கேட்டீர்கள்.

பதிலுக்கு நான், "கோர்ட்டு வாசலில் குந்திகினு மனு எழுதறவருக்கு இதெல்லாம் புரியாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு. ஆனால் பல்வலி என்று கேட்டது அதைவிடப் பெரிய தப்பு.

ஆவணி பிறந்து நான்கு நாள் ஆயிற்று. முறை உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் எடுத்துக்கொள்ளாமல் போன விருந்து வேட்டி பீரோவில் இருக்கிறது.

ஹேல் விஷயத்தில் கருத்தை மாற்றிக்கொண்டீர்களா என்று எழுதவும்.

அன்புள்ள,
கங்காதரன்

*

செங்கல்பட்டு,
2-9-1973, ஞாயிறு

மச்சான் கங்காதரன் அவர்களுக்குக் காசிநாதன் எழுதிக்கொண்டது. தாங்கள் விசாரித்தபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. தங்கள் 20-ந் தேதிக் கடிதத்துக்குப் பதில் வருமாறு:

ஒன்று. நான் கோர்ட்டு வாசலில் குந்துவதில்லை. வக்கீல் ஆபீசில், உள்ளே, மின்விசிறிக்குக் கீழே, நாற்காலியில் உட்காருகிறேன். பதினோரு வருஷமாக.

இரண்டு. ஆவணி பிறந்தால் மாப்பிள்ளை வந்து பெண்டாட்டியை அழைத்துப் போவது முறை என்கிறீர்கள். விருந்துக்குக் கூப்பிட்டு நாற்பது பேர் முன்னால் கேவலப்படுத்திய மாப்பிள்ளையை, மச்சான் நேரில் வந்து கூப்பிடுவதும் முறைதான். எது முன்னால் என்பதைத் தாங்களே யோசிக்கவும்.

மூன்று. பிரிட்டிஷ் நடிகர் என்றால் ரூபர்ட் லாங்லி. இங்கே தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் மட்டும்தான் போடுகிறார்கள், கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு வாரம் தவறியதில்லை. லாங்லி வக்கீலாக வரும் படத்தைத் தாங்கள் பார்த்ததுண்டா? கடைசி வழக்கில் தோற்றுவிட்டு, கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, மழையில் டிராமில்கூட ஏறாமல் நடந்து போவார். அதற்கு முன் ஒன்பது நிமிஷம் ஒரே மூச்சில் வாதாடுவார். ஒன்பது நிமிஷம், மச்சான். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அவர் நடிகர். வாயை மூடிக்கொண்டு கிழங்கு தின்பதற்கு நடிகர் எதற்கு?

வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுத, வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். சுகம்.

காசிநாதன்

பி.கு.: அலமாரியில் இரண்டு டப்பா ஒரே நிறத்தில் பொடியோடு இருக்கின்றன. எது சாம்பார்ப் பொடி, எது மிளகாய்த்தூள் என்று தங்கள் தங்கையிடம் கேட்டு எழுதவும். ஒரு தடவை மாற்றிப் போட்டுவிட்டேன்.

*

கல்பாக்கம்,
10-9-1973

மாப்பிள்ளைக்கு, கங்காதரன். மழை இல்லாமல் உப்புக்காற்று அடிக்கிறது, மற்றபடி நலத்துக்குக் குறைவில்லை.

ஒன்பது நிமிஷம் பேசினால் நடிப்பா? எங்கள் பிளான்ட்டில் கான்ட்ராக்டர் எல்லப்பன் ஒன்றரை மணி நேரம் பேசுவார், அவருக்கு மெடல் தரலாமா? லாங்லி தொண்டையால் நடிக்கிறார். ஹேல் முதுகால் நடிப்பார். அந்தப் படத்தில் படகுத் துறையைப் பார்த்தபடி ஜன்னலில் நிற்கும்போது அவர் முகமே தெரியாது, முதுகு மட்டும்தான். அதைப் பார்த்துக் கூட வேலை செய்யும் பக்தவத்சலம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உங்களுக்கு ஹேல் பாதிரியாராக வரும் படமும், குருட்டுப் பியானோக்காரராக வரும் படமும் சிபாரிசு செய்கிறேன். மெட்ராசில் எங்காவது வந்தால் விடாதீர்கள்.

டப்பா விஷயம் வச்சலாவிடம் கேட்டேன். "வந்து கேட்கச் சொல்லு" என்றாள். அது கிடக்கட்டும். பியானோக்காரர் படத்தில் கைவிரலைக் கவனியுங்கள்.

அன்புடன்,
கங்காதரன்

*

(அஞ்சலட்டை)
கல்பாக்கம்,
17-10-1973

மாப்பிள்ளைக்கு. சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஐந்து வாரமாகப் பதில் இல்லை. அடுத்த வாரம் தலை தீபாவளி. வந்து சேரவும். வேலை மும்முரம், நேரில் வர முடியவில்லை. அன்று மாலை கிளப்பில் ஹேலின் பாதிரியார் படம் கிடைத்திருக்கிறது, ஆறரைக்குள் வந்தால் முதல் ரீல் தவறாது. — கங்காதரன்.

*

செங்கல்பட்டு,
4-11-1973

மச்சான் அவர்களுக்கு. நான் உயிரோடு இருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையை அஞ்சலட்டையில் அழைத்தவர் இந்த ஜில்லாவில் தாங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். தாம்பூலத் தட்டு எங்கே? நேரில் வந்து, "மாப்பிள்ளை, வாங்க" என்று சொல்லும் வாய் எங்கே? தபால்காரர் அதை நடு வீதியில் நின்று படித்துவிட்டு, "சார், முதல் ரீல் போயிடப் போவுது, கிளம்பலியா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுச் சாரதாம்பாள் அம்மாள் கேட்டதை நான் எழுத விரும்பவில்லை.

ஐந்து வாரம் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத உட்கார்ந்தேன். லாங்லி பற்றி ஒரு பக்கம் எழுதினேன். மறுபக்கத்தில் வேறு ஏதோ எழுத நினைத்தேன். வரவில்லை. கிழித்துப் போட்டேன்.

தீபாவளியன்று சாரதாம்பாள் அம்மாள் நான்கு அதிரசமும் ஒரு கிண்ணம் தயிர்ச்சாதமும் கொடுத்தார்கள். பட்டாசு சத்தத்தில் தலைவலி. காலைக் காட்சியில் லாங்லி படத்தை மறுபடி போட்டிருந்தார்கள். மூன்றாம் தடவையாகப் பார்த்தேன். வேறு வேலை இல்லை.

தங்கள் தங்கை புதுப்புடவை கட்டினாளா?

காசிநாதன்

*

கல்பாக்கம்,
18-11-1973

மாப்பிள்ளைக்கு, கங்காதரன். இங்கே எல்லோருக்கும் ஜலதோஷம் வந்து போயிற்று. உங்களை அது அண்டாதிருக்கட்டும்.

அஞ்சலட்டை தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். இன்லேண்ட் லெட்டரில் எழுதியிருக்க வேண்டும்.

இதை இழுத்துக்கொண்டே போவதில் எனக்கு இஷ்டமில்லை. ஒரு வழி சொல்கிறேன். வக்கீல் ஆபீசில் இருக்கிறவர், ராஜி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். "எட்வின் ஹேல்தான் உயர்ந்த நடிகர்" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த பஸ்ஸில் தாம்பூலத் தட்டு, வேட்டி, பழம், பூ எல்லாவற்றோடும் நானே வந்து உங்களை அழைக்கிறேன். கிளப்பில் எல்லோரும் இது நியாயம் என்கிறார்கள். பக்தவத்சலம் மட்டும், "நைனா, நீ இன்னா லூஸா?" என்றான். அவனுக்கு ரசனை போதாது.

புடவை கேட்டிருந்தீர்கள். கட்டவில்லை.

கங்காதரன்

*

செங்கல்பட்டு,
16-12-1973

மச்சான் அவர்களுக்கு. மார்கழி பிறந்துவிட்டது, குளிர் அதிகம், நலம் விசாரிப்பு இத்துடன்.

தங்கள் ராஜி மனு தள்ளுபடி. ஒரு மனுஷன் பதினைந்து வருஷமாக மதிக்கிற நடிகரை ஒரு கையெழுத்தில் விட்டுவிட முடியாது. மேலும் மார்கழியில் பெண் அழைப்பது வழக்கமில்லை. தை பிறக்கட்டும், பார்க்கலாம்.

ஒரு விஷயம். போன ஞாயிறு இங்கே காலைக் காட்சியில் ஹேலின் அந்த டாக்டர் படத்தைப் போட்டார்கள். டிக்கெட் வாங்கிவிட்டதால் உட்கார்ந்தேன். உருளைக்கிழங்கு இடத்தில் எழுந்து வந்துவிட்டேன். தூக்கம் வந்தது. அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

காசிநாதன்

*

வேடந்தாங்கல் வழி,
22-1-1974

வச்சலா எழுதுவது. இதைக் கார்பன் வைத்து எழுதுகிறேன். மேல் தாள் என் வீட்டுக்காரருக்கு, அடித் தாள் அண்ணனுக்கு. எழுத்து மங்கலாக வந்தவர் அதற்காக இன்னும் ஐந்து மாதம் கோபித்துக்கொள்ளலாம்.

நான் சுகம். நீங்கள் இரண்டு பேரும் சுகமா என்று கேட்கப் போவதில்லை. உங்களுக்கென்ன, ஆளுக்கு ஒரு வெள்ளைக்காரன் இருக்கிறான்.

ஆடிக்கு ஒரு மாதம் என்று வந்தேன். இது தை. கல்யாணமாகி என் வீட்டில் நான் இருந்தது ஐம்பத்திரண்டு நாள். மீன் கொண்டுவரும் மீனாட்சி ஒவ்வொரு மாதமும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள், "இன்னாம்மா, வூட்டுக்காரரு வந்து இட்டுகினு போவலியா? சண்டையா? குடிக்கிறாரா?" என்று. என்ன சொல்ல? இங்கிலீஷ் படம் பார்க்கிறார், அதுதான் தகராறு என்றால் நம்புவாளா? பொங்கலன்று, "பாவம், சொல்ல வெட்கப்படுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாளை மீனுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு உயிரே போயிற்று.

நீங்கள் எழுதிக்கொண்ட எல்லாவற்றையும் படித்தேன். வந்ததையும் படித்தேன், போனதையும் படித்தேன். போனதை எல்லாம் ஒட்டியதே நான்தான். தொண்டை எழுதினீர்கள், முதுகு எழுதினீர்கள், கைவிரல் எழுதினீர்கள். "வச்சலாவை அனுப்பு" என்று ஒருவர் எழுதவில்லை. "வந்து அழைத்துக்கொண்டு போ" என்று ஒருவர் எழுதவில்லை. ஒன்றரை மணி நேர பஸ். அண்ணனின் ஸ்டாஃப் பஸ் தினமும் செங்கல்பட்டு வந்து போகிறது.

நீங்கள் மட்டும் நடிகர் சிபாரிசு செய்வதா? நானும் ஒன்று செய்கிறேன். அந்த டாக்டர் படத்தில் ஒரு சமையல்காரி வருகிறாள், இரண்டே நிமிஷம். உங்கள் இருவருக்கும் அவள் இருந்ததே நினைவிருக்காது. டாக்டர் கிழங்கு தின்ன உட்காரும்போது அவள் பாத்திரத்தை டங்கென்று வைத்துவிட்டு, படகு இன்னும் கிளம்பவில்லை, ஓடினால் பிடிக்கலாம் என்கிறாள். அந்த ஆள் உப்பைக் கேட்கிறான். அவள் அவனைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதுதான் நடிப்பு. மறுநாள் கிளப் ஆபரேட்டர் சுப்பிரமணியிடம் கெஞ்சி, கடைசி ரீலின் வாலை மறுபடி ஓட்டச் சொல்லி அவள் பெயரைப் படித்தேன். டோரத்தி பின்ச். அந்தப் படத்தில் மூளை உள்ள ஒரே ஆள் அவள்தான்.

அண்ணா, மார்கழி கடைசியில் எனக்கு வாத்தியார் வேலைக்கு உத்தரவு வந்தது. உன்னிடம் சொன்னேன். நீ பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல் "ம்" என்றாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ படப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மெட்ராஸ் போன நேரத்தில் கிளம்பி வந்தேன். இங்கே ஏரிக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு யூனியன் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பு. பூவாயி என்கிற அம்மாவின் வீட்டில் ஓர் அறை எடுத்திருக்கிறேன்.

இனி வருவது மேல் தாளுக்கு மட்டும். அண்ணா, நீயும் படிப்பாய், படி. சாம்பார்ப் பொடி உருண்டை டப்பா. மிளகாய்த்தூள் சதுர டப்பா. உங்களை நினைக்காத நாள் எனக்கு ஒன்றுகூட இல்லை. இதை எழுத எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஒரு வரிதானே. ஐந்து மாதமாக இதை ஏன் உங்களால் எழுத முடியவில்லை? நீங்கள் வந்து கூப்பிட்டுப் போவதற்கு இனி நான் யார் வீட்டிலும் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கவில்லை. வருவதானால் எனக்காக வாருங்கள். செங்கல்பட்டிலிருந்து காலை ஏழு மணிக்கு பஸ். சீசன் என்பதால் பறவை பார்க்கிறவர்கள் ஏறிவிடுவார்கள், நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும். வராவிட்டால் அதையும் எழுதிவிடுங்கள். நடிகர் பற்றி எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

வச்சலா

*

கல்பாக்கம்,
25-1-1974

மாப்பிள்ளைக்கு. உங்களுக்கும் கடிதம் வந்திருக்கும்.

நான் யோசித்துப் பார்த்தேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் ஆறு வருஷமாக அடுப்புச் சத்தம் இல்லை. வச்சலா ஹாஸ்டலில் படித்தாள், நான் கான்டீனில் சாப்பிட்டேன். இந்த ஐந்து மாதம் சாயங்காலம் வந்தால் விளக்கு எரிந்தது, யாராவது என்னைத் திட்டினார்கள். தட்டோடு உங்களை அழைக்க வந்திருந்தால் அவள் அன்றே போயிருப்பாள். அதனால்தான் நான் வரவில்லை. வேலை மும்முரம் என்று எழுதியது பொய். ஹேலும் ஒரு சாக்குதான்.

லாங்லி நல்ல நடிகர். வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். போய் அவளைப் பாருங்கள்.

கங்காதரன்

*

வேடந்தாங்கல் வழி,
4-2-1974

அண்ணாவுக்கு வச்சலா எழுதுவது. கான்டீன் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? ஒத்துக்கொள்ளாவிட்டால் சமைக்கக் கற்றுக்கொள், உனக்கும் முப்பத்திரண்டு வயதாகிறது.

நேற்று அவர் வந்தார். கழுத்தில் பைனாகுலர் மாட்டிய நான்கு பேருக்கு நடுவே பஸ்ஸிலிருந்து இறங்கினார். சட்டை முழுக்கக் கசங்கியிருந்தது. இளைத்துவிட்டார். பூவாயி அம்மா பாய் போட்டாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கூரையைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், எங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். மறுபடி கோழியைப் பார்த்தார். எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. சரி, இதற்கா நின்றுகொண்டு வந்தார் என்று நினைத்து, தட்டு வைத்துச் சோறு போட்டேன்.

இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயைக் கையில் பிசைந்துகொண்டே அழ ஆரம்பித்தார். கண் கலங்கிற்று என்று நினைக்காதே. தோள் குலுங்கி, மூக்கு ஒழுகி, நம் ஊர்ப் படத்தில் கடைசி ரீலில் அழுவார்களே, அந்த அழுகை. "வூட்ல இருக்க முடியல வச்சலா, இருக்கவே முடியல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பூவாயி அம்மா பின்கட்டிலிருந்து ஓடி வந்து, "இன்னா ஆச்சி, கொழம்பு காரமா பூட்ச்சா?" என்று சொம்பு நிறையத் தண்ணீரைக் கொடுத்தாள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அண்ணா, அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று அவர் கேட்கவில்லை. ஏப்ரல் வரை இங்கேதான் என்று சொன்னேன். அப்புறமும் வேலை பார்ப்பேன், செங்கல்பட்டுப் பக்கம் மாற்றல் கேட்டிருக்கிறேன் என்றேன். சரி என்றார். சனிக்கிழமை தோறும் வந்துவிட்டுத் திங்கள் காலை போவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் பாதி இருக்கிறது, மீதியை நேரில் வந்து வாங்கிக்கொள். வரும்போது என் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவா. தாம்பூலத் தட்டெல்லாம் வேண்டாம்.

அவர் அழுததை யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக, உனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிடாதே.

வச்சலா